பேர்ல சோலோ, வாசிக்கிறது பேஸ்

வணக்கம். பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வாங்க, சேர் காலியா இருக்கு.

இன்னைக்கு நான் பேசப்போற ஆள் பேரு நேபா சோலோ. மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கிற மாலி நாட்டுக்காரர், பாலஃபோன்ங்கிற மரக்கட்டை வாத்தியம் வாசிக்கிறவர், பாட்டு கட்டிப் பாடுறவரும் அவரேதான். பேரைக் கேட்டா மேடைக்காக வெச்சுக்கிட்ட பேரு மாதிரி இருக்கும், தனியாவர்த்தனம் வாசிக்கிறதால சோலோ போலன்னு நானும் ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. வீட்ல வெச்ச பேரு சுலைமான் ட்ராவோரே, அதைச் சுருக்கினா சோலோ, நம்ம ஊர்ல சுப்பிரமணியன் சுப்புணி ஆகுறாப்புல. 1969ல பொறந்த ஊரு நேபாடுகு, அங்க பம்பரா பாஷையில 'டுகு'ன்னா ஊரு. ஊர்ப்பேரு முன்னாடி, கூப்பிடுற பேரு பின்னாடி, அவ்ளோதான். இதுல வேடிக்கை என்னன்னா குழுவுல சோலோ வாசிக்கிறது தம்பி சியாகா, பேர்லயே சோலோ இருக்கிற அண்ணன் வாசிக்கிறது பேஸ், அதாவது கீழ் ஸ்தாயி. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, நான் சொல்ல வந்த விஷயமே இந்த பேஸ்தான்.

முதல்ல வாத்தியம். மரக்கட்டைகளை வரிசையா ஒரு சட்டத்துல கட்டி, ஒவ்வொரு கட்டைக்கும் அடியில ஒரு சுரைக்குடுக்கை தொங்கவிட்டு, நுனியில ரப்பர் சுத்தின ரெண்டு குச்சியால அடிச்சு வாசிக்கிறது. கட்டைக்கு அவங்க எடுக்கிற மரம் நம்ம வேங்கை, செம்மரம் ரெண்டுக்கும் பங்காளி மரம், அதை நெருப்புப் புகையில நல்லா காயவெச்சு அப்புறம்தான் செதுக்குவாங்க. ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது குடுக்கை சமாச்சாரம். குடுக்கையில சின்ன ஓட்டை போட்டு, சிலந்தி முட்டையிடுற கூடு இருக்குல்ல, அந்த மெல்லிசான சவ்வை எடுத்து ஓட்டை மேல ஒட்டுறாங்க. அடிக்கும்போது அது அதிர்ந்து ஒரு 'ஙொய்'னு சத்தம் வரும். தம்புராவுல தந்திக்கு அடியில நூல் வெச்சு ஜீவா எடுப்போமே, அதே புத்திதான். முதல் தடவை ஸ்பீக்கர்ல கேட்டப்போ ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சுன்னு நெனச்சு ஒயரைப் பிடுங்கி மாட்டினவன் நான். இப்போ சிலந்திக் கூட்டுக்குப் பதிலா பிளாஸ்டிக், சிகரெட் பேப்பர் எல்லாம்கூட ஒட்டுறாங்க.

பாலஃபோன்னா ஒரே வாத்தியம்னு நெனைக்காதீங்க, அங்க ரெண்டு பெரிய குடும்பம் இருக்கு. மாண்டிங்கா ஆளுங்களோடது ஏழு ஸ்வரம், அது க்ரியோன்னு சொல்ற பாணர் வம்சத்தோட சொத்து, கூயாட்டே, தியாபாத்தேன்னு குடும்பப் பேரைக் கேட்டாலே ராஜாக்களைப் பாடின பரம்பரைன்னு சொல்லிடலாம். செனூஃபோ ஜனங்களோடது அஞ்சு ஸ்வரம். அஞ்சுன்னதும் மோகனம்னு நமக்குத் தோணும், ஆனா ஒரு ஸ்தாயியை அஞ்சா கிட்டத்தட்ட சரிசமமா பங்கு போட்டு சுருதி சேர்க்கிறாங்க, அதனால நம்ம ஆர்மோனியக் கட்டைகளோட அது முழுசா ஒட்டாது. அது அரண்மனை வாத்தியமே இல்ல, காட்டுல மண்வெட்டி போடுறவனுக்கு ஊக்கம் குடுக்க வாசிப்பாங்க, கல்யாணத்துக்கு வாசிப்பாங்க, சாவுக்கு வாசிப்பாங்க. நேபா சோலோ இந்த ரெண்டாவது கூட்டம். தெற்கு மாலியில சிகாசோ பக்கம், பருத்தி விளையுற பச்சைப் பூமி. அப்பாவும் வாசிக்கிறவர், விவசாயக் குடும்பம்.

அவர் என்ன பண்ணினார்னா, பழைய பாலஃபோன்ல கீழ் ஸ்தாயிக்கு பெரிய கட்டைகளைச் சேர்த்தார். கேட்க சாதாரணமா இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்தக் காலத்துல மேற்கு ஆப்பிரிக்காவுல பேர் வாங்கணும்னா எலக்ட்ரிக் கிடார், ட்ரம் செட், கீபோர்டு வேணும், கிராமத்து வாத்தியம் அதுக்கு நடுவுல ஊறுகாய் மாதிரி ஓரமா கெடக்கும். இவர் பேஸ் கிடாரை வாங்காம, பேஸ் கிடார் பண்ற வேலையை பாலஃபோனுக்குள்ளயே கொண்டுவந்துட்டார். ரெண்டு பாலஃபோன், பாரான்னு பெரிய குடுக்கை மத்தளம், சுரண்டி வாசிக்கிற இரும்புக் குழாய் கரிஞான், ஆட ஆளுங்க, இதுக்கு கரண்ட் எதுக்கு? கீழ பேஸ் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கும், மேல தம்பி பறப்பார். அடித்தளம் கெட்டியா இருந்தா பாட்டுக்காரன் தைரியமா பேசலாம், இவர் பேசினதும் பேச வேண்டியதைத்தான், எய்ட்ஸைப் பத்தி, குழந்தைக்குத் தடுப்பூசி போடுறதைப் பத்தி. சுகாதாரப் பிரச்சாரப் பாட்டுன்னா நமக்கெல்லாம் கொட்டாவி வரும், இவர் பாட்டுக்கு ஜனங்க ஆடுறாங்க.

2000ல வந்த ஆல்பத்துக்கு கெனெடுகு ஃபோலின்னு பேரு. கெனெடுகுங்கிறது சிகாசோ தலைநகரா இருந்த பழைய ராஜ்ஜியம், 1898ல ஃபிரெஞ்சுக்காரன் பிடிச்சது. அப்புறம் 2002ல ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பையை மாலி நடத்துச்சு, அதுக்கு இவர் ஒரு பாட்டு போட்டார், பேரே கான் 2002, கான்ங்கிறது அந்தக் கோப்பையோட ஃபிரெஞ்சு சுருக்கம். சில மேட்ச் சிகாசோவுலயே நடந்துச்சு. மாலி அரையிறுதி வரைக்கும் போய் கேமரூன்கிட்ட மூணு கோல் வாங்கித் தோத்துச்சு, அது வேற வயித்தெரிச்சல். ஆனா நாட்டோட விருந்துக்குப் பாட்டு யாரு போட்டாங்கன்னா ராஜாக்களைப் பாடின வம்சத்துல பொறக்காத ஒரு விவசாயி வீட்டுப் பையன், அதுவும் அஞ்சு ஸ்வர வாத்தியத்துல! எனக்கு அதுதான் பெருசாப் படுது.

வெளிநாட்டுக் கச்சேரிக் கதையெல்லாம் வேகமா தாண்டிடுறேன், எல்லாக் கலைஞர் கதையிலயும் வர்ற விமானம் ஏறின கதைதான். ஒண்ணு மட்டும் சொல்றேன், ஹார்வர்டுல ஜாஸ் இசையை ஆராய்ச்சி பண்ற பேராசிரியை இன்க்ரிட் மான்சன், இவர் வாசிப்பைப் படிக்கிறதுக்காக மாலிக்குப் போனாங்க. செனூஃபோ பாலஃபோனை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க, மாலி, புர்கினா ஃபாசோ, ஐவரி கோஸ்ட் மூணு நாட்டுக்கும் சேர்த்து. பட்டியல்ல ஏறினா சில சமயம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பூட்டிடுவாங்க, அந்த பயம் எனக்கு உண்டு. ஆனா இவர் 2024லயும் பெனெகோ தியாகிதே கூட புது ஆல்பம் போட்டிருக்கார். பெனெகோ, மாலிப் பாடகி ஊமு சங்காரே குழுவுல ரொம்ப வருஷம் கமலெங்கோனி மீட்டினவர், அது வேட்டைக்காரங்க வாத்தியத்துல இருந்து வந்த நரம்பு வாத்தியம். மரமும் நரம்பும் பேசிக்கிறதைக் கேக்கணும்.

சரி, பேசினது போதும். தம்பி, அந்த கான் 2002ஐ போடுப்பா. மேல வேகமா ஓடுறது சியாகா, அது தானாவே காதுல விழும். கீழ ஒண்ணு திரும்பத் திரும்ப வருதுல்ல, அதைப் பிடிங்க. 'ஙொய்'னு கேக்கும், யாரும் ஒயரைப் பிடுங்கிடாதீங்க.