நாலுவழிச் சாலைக்குக் கிராவல் எங்கிருந்து வருகிறது?

(காட்சி: திருநெல்வேலி–திருச்செந்தூர் சாலை, ஓடும் காரிலிருந்து)

வணக்கம். செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டியதும் சாலையோரம் ஒரு செம்மேடு வரும். பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூர் பரம்பு. 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டி, பொன் நெற்றிப்பட்டம் முதல் இரும்பு ஆயுதம் வரை எடுத்த இடம் இதுதான்.

இன்று இங்கே யாரும் நினைத்தபடி மண் அள்ள முடியாது. தொல்லியல் சின்னங்களைப் பாதுகாக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு 2010இல் வந்த திருத்தமும் இருக்கின்றன. மத்திய அரசு பாதுகாக்கும் இடத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும்.

சரி, பட்டியலில் இல்லாத மேடு? சிக்கலே அங்கேதான். இதே தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தொல்லியல் துறை 2020இல்தான் குழி போட்டது. அங்கே முதுமக்கள் தாழிக்குள், அதாவது இறந்தவரைப் புதைத்த பெரிய பானைக்குள், இருந்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று வந்தது. அதற்கு முன்பு வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது வெறும் பொட்டல்.

(காட்சி: உழுத புஞ்சையில் இடைவெளி விட்டு வரிசையாக நடக்கும் ஆட்கள்)

சாலை போடுவதற்கு முந்தைய தொல்லியல் ஆய்வு என்றதும் கடப்பாரை ஞாபகம் வரும். உண்மையில் முக்கால்வாசி வேலை நடைதான். முதலில் கிராம வரைபடம், பழைய நிலப் பதிவேடுகள். அப்புறம் ஊர்ப் பெரியவர்களிடம், “அண்ணாச்சி, இந்தப் பக்கம் மதமதக்கத் தாழி ஏதும் கிடைச்சிருக்கா?” என்று ஒரு கேள்வி. பாதி விவரம் டீக்கடையிலேயே கிடைத்துவிடும். பிறகு குனிந்த தலையோடு வயலில் நடப்பது. மழை பெய்து மண் கழுவிய மறுநாள் என்றால் இன்னும் நல்லது.

(காட்சி: உள்ளங்கையில் ஒரு பானை ஓடு, மிக அருகில்)

இதைப் பாருங்கள். உள்பக்கமும் வாய் விளிம்பும் கறுப்பு, வெளியே கீழ்ப்பகுதி சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் வந்த நிறம் என்கிறார்கள். பக்கத்திலேயே விரல் தடிமனில் வளைந்த ஓடும் கிடந்தால் கீழே தாழி இருக்க வாய்ப்பு உண்டு. அந்த இடத்தில் மட்டும் சின்னதாக மாதிரிக் குழி போட்டுப் பார்ப்பார்கள்.

இதெல்லாம் எப்போது நடக்க வேண்டும்? திட்ட அறிக்கை தயாராகும்போதே. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3டி அறிவிப்பு வந்து, நிலம் அரசு கைக்குப் போன பிறகு சாலைத் தடத்தைப் பத்து மீட்டர் நகர்த்துவதுகூடப் பெரும்பாடு. பிரான்சில் 2001 முதல் இதற்கென்றே சட்டம் உண்டு. ஆய்வுக்கான செலவு கட்டுமானம் செய்பவர் தலையில்.

ஆனால் சாலைத் தடத்தை மட்டும் பார்த்தால் போதாது. என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய ஆபத்து கிராவல் குவாரிதான், அதாவது சாலைக்குச் சரள் மண் வெட்டும் இடம். தாமிரபரணிக் கரையில் வயலுக்கு ஆகும் நிலத்தில் யாரும் தாழி புதைக்கவில்லை. தண்ணீர் நிற்காத, நெல் விளையாத சரள் மேட்டில்தான் புதைத்தார்கள். சாலையை உயர்த்த ஒப்பந்ததாரர் தேடுவதும் அதே சரள்தானே? சாலை ஒரு மேட்டை விட்டு விலகிப் போகும், டிப்பர் லாரி அதே மேட்டைத் தேடி வரும். அதனால் மண் எடுக்கும் இடங்களையும் சாலையைப் போலவே நடந்து பார்த்த பிறகுதான் அனுமதி தர வேண்டும்.

(காட்சி: வெட்டிய சரள் சுவரில் பாதி தெரியும் தாழி விளிம்பு)

இப்படி எங்காவது கண்ணில் பட்டால் பிடுங்கி எடுக்காதீர்கள். சிவகளை உமிக்குக் காலம் சொல்ல முடிந்ததே, அது தாழிக்குள் இருந்த மண்ணோடு கிடைத்ததால்தான். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் போட்டோ எடுங்கள், சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், விஏஓவிடம் சொல்லுங்கள். உள்ளே பொன், வெள்ளி ஏதாவது இருந்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது கட்டாயம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே போதும்.