கையில் இருந்த கதை

நடுவர் அவர்களுக்கும், எதிரணித் தோழர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

சரித்திரப் படத்தைத் தூக்கி நிறுத்துவது வரலாறா, கற்பனையா என்பது இன்றைய தலைப்பு. வரலாறே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய தோழர், ரிட்லி ஸ்காட் இயக்கி 2005-இல் வெளிவந்த ‘கிங்டம் ஆஃப் ஹெவன்’ படத்தைக் கற்பனைக்குச் சாட்சியாக நிறுத்தினார். பாலியன் என்ற பிரெஞ்சுக் கொல்லன் ஜெருசலேம் போகிறான், நைட் என்னும் வீரப் பட்டம் பெறுகிறான், எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட முஸ்லிம் சுல்தான் சலாஹுத்தீனின் முற்றுகையிலிருந்து மக்களைக் காப்பாற்றுகிறான். அவனைக் கொல்லன் ஆக்கியதால்தான் அவன் நம்மில் ஒருவன் ஆனான் என்றார் தோழர். சரி, அதே படத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

நிஜமான பாலியன் கொல்லன் இல்லை. அந்த மண்ணிலேயே வேரூன்றிய இபெலின் என்ற பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. அவர் மனைவி மரியா, இறந்துபோன ஜெருசலேம் மன்னரின் மனைவியாக இருந்தவர். 1187 ஜூலையில் ஹத்தீன் போரில், ஜெருசலேமை ஆண்ட கிறிஸ்தவர்களின் சிலுவைப் படை சலாஹுத்தீனிடம் அழிந்தபோது பாலியன் தப்பித் தீரு துறைமுகத்துக்கு வந்துவிட்டார். மனைவியும் பிள்ளைகளும் ஜெருசலேமில். அவர் என்ன செய்தார் தெரியுமா? தன்னைத் தோற்கடித்த சலாஹுத்தீனிடமே ஆளனுப்பி, குடும்பத்தை அழைத்து வர வழிவிடுங்கள் என்று கேட்டார். சலாஹுத்தீன் சம்மதித்தார். நிபந்தனை இரண்டு: ஓர் இரவுதான் தங்க வேண்டும், எனக்கெதிராக வாளெடுக்கக் கூடாது. பாலியன் சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

நகருக்குள் போனால், காக்க ஆளில்லாத ஜனம் அவரைச் சூழ்ந்துகொண்டது. எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று கெஞ்சியது. பேராயர் ஹெராக்ளியஸ், அந்தச் சத்தியம் உங்களைக் கட்டுப்படுத்தாது என்றார். பாலியன் தங்கிவிட்டார். ஆனால் அதை மறைக்கவில்லை. சலாஹுத்தீனுக்கே தகவல் அனுப்பி, என் வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்று விளக்கினார். சலாஹுத்தீன் கோபப்படவில்லை. நகரைத் தாக்குவதற்கு முன், தன் வீரர்களையே துணைக்கு அனுப்பி மரியாவையும் பிள்ளைகளையும் பத்திரமாக வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தார்!

நடுவர் அவர்களே, ஒரு கதாசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கொடுத்த வாக்குக்கும் கெஞ்சும் ஜனத்துக்கும் நடுவே ஒரு மனிதன். எதிரியின் மனைவியைக் காப்பாற்றிவிட்டுப் போருக்கு வரும் ஒரு சுல்தான். இதில் ஒரு காட்சிகூடப் படத்தில் இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்கள்.

ஜெருசலேம் இளவரசி சிபில்லாவைப் பாருங்கள். கணவன் கீயைத் தள்ளி வைத்தால்தான் உனக்கு முடி என்று 1186-இல் பிரபுக்கள் அவளிடம் சொன்னார்கள். சரி, அடுத்த கணவனை நானே தேர்ந்தெடுப்பேன் என்று அவள் ஒப்புக்கொண்டாள். தலையில் கிரீடம் ஏறியதும், நான் தேர்ந்தெடுப்பவர் இவர்தான் என்று அதே கீயை அழைத்து முடிசூட்டினாள். படத்திலும் அவள் கீக்கு முடிசூட்டுகிறாள். ஆனால் அவனை வெறுப்பவளாக, பாலியனின் காதலியாக அவளை மாற்றிய பிறகு அந்தக் காட்சியில் உயிர் எங்கே இருக்கும்?

இனி, எனக்கு உண்மையிலேயே வலிக்கிற இடம். படத்தின் முடிவில் சலாஹுத்தீன் எல்லோரையும் சும்மா போகவிடுகிறார். நிஜத்தில், நகரம் சரணடைந்ததும், வெளியேற ஒவ்வொரு தலைக்கும் மீட்புப் பணம் வைத்தார்கள். ஆணுக்கு 10 தினார், அதாவது 10 பொற்காசு, பெண்ணுக்கு 5. காசில்லாத ஏழைகளுக்காக பாலியன் பேரம் பேசி, 30,000 தினாருக்குச் சுமார் 7,000 பேரை மீட்டார். சலாஹுத்தீனின் தம்பி அல்-ஆதில், எனக்கு 1,000 அடிமைகள் வேண்டும் என்று கேட்டு வாங்கி, அங்கேயே விடுதலை செய்தார். முதியவர்களை சலாஹுத்தீனே விடுவித்தார். அப்படியும் சுமார் 15,000 பேர் அடிமைகளாகப் போனதாக அன்றைய குறிப்புகள் சொல்கின்றன. இந்தக் கருணையும் தெரியவில்லை, அந்தக் கண்ணீரும் தெரியவில்லை. எல்லோரையும் நல்லவர்களாகக் காட்டப்போய், அந்த ஏழைகளையே படத்திலிருந்து துடைத்துவிட்டார்கள்.

நேரம் போதாது என்பார் தோழர். திரையரங்கில் ஓடிய படமே இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல். இயக்குநரின் முழு வடிவம் மூன்று மணி நேரத்தைத் தாண்டுகிறது. அதிலும் மீட்புப் பணம் இல்லை. மாறாக, சிபில்லா தன் சிறு மகனுக்குத் தொழுநோய் என்றறிந்து தானே விஷம் வைப்பதாக ஒரு கதையைச் சேர்த்தார்கள். அதற்கு வரலாற்றில் ஆதாரமே கிடையாது.

இந்தப் படத்தில் மறக்க முடியாதது எது என்று கேட்டால் பலரும் இரண்டைச் சொல்வார்கள். ஒன்று, தொழுநோயாளியான இளம் மன்னர் பால்ட்வின். முகமூடி கற்பனைதான், மனிதர் நிஜம். சிறுவனாக இருந்தபோது கூட்டாளிகள் விளையாட்டாகக் கையில் நகத்தால் கிள்ளிக்கொள்வார்களாம். மற்றவர்கள் அலறுவார்கள், இவன் மட்டும் சும்மா இருப்பான். பொறுமைசாலி என்று முதலில் நினைத்த ஆசிரியர் வில்லியம், பிறகுதான் அந்தக் கை மரத்துப்போயிருப்பதைக் கண்டுபிடித்தார். அதே பையன் 16 வயதில் மோன்ட்கிசார் போரில் சலாஹுத்தீனைத் தோற்கடித்தான். இன்னொன்று, ஹத்தீனுக்குப் பின் கூடாரத்தில் குளிர்ந்த நீர்க் கோப்பை. சலாஹுத்தீன் கீக்குக் கொடுக்கிறார், கீ அதைத் தன்னோடு பிடிபட்ட பிரபு ரெனால்டிடம் நீட்டுகிறான், இவனுக்கு நான் கொடுக்கவில்லை என்கிறார் சலாஹுத்தீன்; தான் நீர் கொடுத்தவனைக் கொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அடுத்து ரெனால்டின் உயிர் போகிறது. இது கிட்டத்தட்ட அப்படியே வரலாற்றுக் குறிப்பில் இருப்பது. அரங்கம் மூச்சடைத்துப் பார்த்ததும் இதைத்தான்.

விழுந்த சிலுவையை சலாஹுத்தீன் எடுத்து நிமிர்த்தி வைக்கும் காட்சியைத் தோழர் கடைசியாகச் சொன்னார். அழகான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் நகரம் வசமான பிறகு, இயேசுவின் கல்லறைத் தேவாலயத்தை இடித்துவிடலாம், யாத்திரிகர் வருவது நிற்கும் என்று சிலர் சொன்னார்கள். முன்பு ஜெருசலேமை வென்ற கலீபா உமரே விட்டுவைத்த இடம் என்று வேறு சிலர் மறுத்தார்கள். சலாஹுத்தீன் இடிக்கவில்லை. ஆளில்லாத அறையில் ஒரு சிலுவையை எடுத்து வைப்பதா, வென்ற வேகத்தில் நிற்கும் கூட்டத்தின் நடுவே ஒரு தேவாலயத்தையே காப்பாற்றுவதா, எது பெரிய காட்சி? அதைச் சொல்லிவிட்டுத் தீர்ப்பை எழுதுங்கள், நடுவர் அவர்களே.