20-ஐ மிச்சம் பிடிக்க 11 பேர் வயித்துல அடி! கூலி ஏறாததுக்குப் பின்னாடி இருக்குற கணக்கு

[திரையில்: 1349, இங்கிலாந்து]

கொள்ளைநோய் வந்து ஜனங்கள்ல மூணுல ஒரு பங்குக்கும் மேல போயாச்சு. வயல் இருக்கு, அறுக்க ஆள் இல்ல. மிஞ்சின கூலியாளுங்க கூடக் கேட்டாங்க. ராஜா மூணாம் எட்வர்ட் உடனே ஆணை போட்டார்: நோய்க்கு முன்னாடி என்ன கூலியோ அதுதான், மேல வாங்கினா தண்டனை. 1351-ல பார்லிமென்ட் அதை இன்னும் இறுக்கிச்சு. அப்படியும் அடுத்த நூறு வருஷத்துல கூலி ஏறத்தான் செஞ்சுது. ஆள் பஞ்சம்னா போட்டி அவ்வளவு வேலை செய்யும்.

அப்போ எப்பவுமே செய்யணுமே? பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்லுது: ஆளைப் பிடிக்கப் போட்டி இருந்தா, ஒருத்தர் உழைப்புல வர்ற வருமானம் வரைக்கும் கூலி ஏறும். ஆனா பல இடத்துல ஏறல. ஏன்னு காட்டுறேன். இந்த இடத்தை மட்டும் தள்ளிவிடாம பாருங்க.

[திரையில்: 10 ஆள், கூலி 500]

ஒரு பட்டறை. 10 பேர், நாள் கூலி 500. ஒவ்வொருத்தர் உழைப்பாலயும் முதலாளிக்கு 700 வருது. ஆளுக்கு 200 மிச்சம், மொத்தம் 2000. இன்னொரு ஆள் வேணும், ஆனா அவர் 520 குடுத்தாதான் வருவார். புது ஆளுக்கு 520 குடுத்துட்டு பழைய ஆளுக்கு 500 குடுக்க முடியாது, எல்லாருக்கும் 20 ஏத்தணும். அது 200. ஆக, 11-வது ஆளோட உண்மையான செலவு 520 இல்ல, 720! அவரால வர்றது 700 தான். அதனால சேர்க்க மாட்டார்.

இப்போ இதைக் கவனிங்க. சேர்த்திருந்தா லாபம் எவ்வளவு? 11 பேர், ஆளுக்கு 180, மொத்தம் 1980. வெறும் 20 குறையுது. அந்த 20-க்காக 10 பேருக்கு தினமும் ஆளுக்கு 20 போச்சு, ஒருத்தருக்கு வேலையே போச்சு. ‘ஆள் தேவை’ போர்டு மாசக்கணக்கா தொங்கும், கூலி மட்டும் ஏறாது. இந்தப் புதிருக்கு விடை இதுதான். எனக்கு இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கொதிக்கும்.

இதுக்குப் பேரு மோனாப்சனி: உழைப்பை வாங்குற கை ஒண்ணு ரெண்டுதான். பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1933-லயே இதை விளக்கிட்டாங்க.

சட்டம் குறைந்தபட்சக் கூலியை 520-னு வெச்சா? பழைய ஆளுங்களுக்கு எப்படியும் 520 குடுத்தாகணும். இப்போ 11-வது ஆளுக்கு ஆகுற செலவு 520 மட்டும், வரவு 700. சேர்த்துடுவார்! கூலியும் ஏறும், வேலையும் கூடும். ஆனா அதே சட்டம் 750-னு வெச்சா, ஒவ்வொரு ஆளாலயும் 50 நஷ்டம், பட்டறையை மூடிடுவார். எண்ணை எங்க வெக்கிறோம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

1992 ஏப்ரல்ல அமெரிக்காவோட நியூ ஜெர்சியில குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25-ல இருந்து 5.05 டாலர் ஆச்சு. பக்கத்து பென்சில்வேனியாவுல மாறல. பொருளாதார ஆய்வாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் ரெண்டு பக்கமும் சேர்த்து 410 ஃபாஸ்ட் ஃபுட் கடைகளை ஒப்பிட்டாங்க. வேலை குறைஞ்சதா தெரியல. தரவு பத்தி சண்டை நடந்துச்சு, ஆனா கார்டுக்கு 2021-ல நோபல் கிடைச்சுது.

வாழ்க்கைத் தரம்? சந்தை உங்க வீட்டு வாடகையைக் கேக்காது. உழைப்போட வரவு 300-ன்னா, போட்டி எவ்வளவு கடுமையா இருந்தாலும் 300-க்கு மேல வராது. மருத்துவம், பள்ளிக்கூடம் எல்லாம் வரிப்பணத்துலதான் வரணும்னு நான் சொல்றது அதனாலதான்.

[திரையில்: 10% வெட்டு]

கடைசியா, உங்க இடத்துக்கு ஒரு சோதனை. எல்லாருக்கும் சம்பளத்தை 10 சதவீதம் வெட்டினா, கொஞ்ச காலத்துல 100 பேர்ல எத்தனை பேர் வேற இடம் பார்த்துப் போவாங்க? மோனாப்சனி கணக்குப்படி 10 பேர்னா, உங்களால வர்றதுல பாதிதான் கூலியா கிடைக்கும். 40 பேர்னா 80 சதவீதம். 90 பேர்னா 90. உங்க தொழில் பேரையும் அந்த எண்ணையும் கமெண்ட்ல போடுங்க, எல்லாத்தையும் படிக்கிறேன்.