ட்ரோன் அடிக்கட்டும், வயலை யார் பார்ப்பது?

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் வைத்து மருந்து அடிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக அடிக்கலாம். ஆனால் இப்போது அடிக்கணுமா, எதுக்கு அடிக்கிறோம் என்று பார்க்கிற வேலையை ட்ரோன் செய்யாது. இன்றைக்குப் பேச்சே அதுதான்.

நான் நிற்பது வாடிப்பட்டிப் பக்கம், பெரியாறு கால்வாய்ப் பாசனம். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், 45,000 ஏக்கர் சொச்சம். வைகை அணையில் தண்ணீர் திறந்தார்கள் என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் நாற்று விடுவார்கள், ஒரே நேரத்தில் நடுவார்கள், அறுப்பும் மொத்தமாக வந்து நிற்கும். ஆளுக்கு எங்கே போவது? நூறு நாள் வேலைதான் காரணம் என்று டீக்கடையில் மல்லுக்கட்டுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். நாற்று நட்ட அக்காமார்களின் பிள்ளைகள் கப்பலூர் கம்பெனிக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள், போகட்டுமே, சேற்றிலேயே கிட என்று சொல்ல நாம் யார்? மிஷின் இல்லாமல் இனி நெல் கிடையாது.

அதிலும் சில மிஷின் மருந்துச் செலவையே குறைக்கும். நடவு மிஷினை எடுத்துக்கொள்ளுங்கள். பாய் நாற்றங்காலில் வளர்த்த பதினைந்து நாள் நாற்று, வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் என்று நட்டுவிட்டுப் போய்விடும். நெருக்கி நட்ட வயலைவிட இதில் காற்றும் வெயிலும் அடித்தண்டு வரை இறங்கும், தண்டில் சாறு உறிஞ்சுகிற புகையான் பூச்சிக்கு அது ஆகாது. வரிசை நேராக இருப்பதால் களையெடுக்கிற பவர் வீடரோ கோனோவீடரோ உள்ளே ஓடும், களைக்கொல்லி டப்பாவுக்கு வேலை குறையும். கைநடவு என்றாலும் எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விடுங்கள். அந்த ஓரடியில் நெல் போச்சே என்று வயிறு எரிகிறவர்கள் புகையான் தின்ற வயலை ஒரு தடவை பார்த்தால் போதும்.

அறுவடைக்கு வருகிற பெல்ட் வண்டியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளி மாவட்டத்தில் அறுத்துவிட்டு அப்படியே நம் வயலில் இறங்குகிற வண்டி, அங்கே இருந்த களை விதையையும் கலப்பு நெல்லையும் சேர்த்தே கொண்டுவந்து கொட்டும். இறங்கும் முன்னாடி தட்டிச் சுத்தம் பண்ணச் சொல்லுங்கள். டிரைவர் முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும்.

சரி, ட்ரோனுக்கு வருவோம். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், அதாவது 16 லிட்டர் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு, பதின்மூன்று தடவை நடக்கணும். ட்ரோனுக்கு 10 லிட்டர், பத்து நிமிடத்துக்குள் ஏக்கர் முடிந்துவிடும். முதுகில் மருந்து வழிந்து, கண் எரிந்து, ராத்திரி சாப்பிட முடியாமல் படுத்த அந்தப் பிழைப்பு போனதற்குக் கைகூப்பிக் கும்பிடலாம். ஆனால் அப்படி நடந்த மனுஷன் போகிற போக்கில் நெல் குத்தை விலக்கிப் பார்த்தார், அந்த மூலையில் புகையான் விழுந்திருக்கு, இந்தப் பக்கம் சிலந்தி நிறைய நிற்குது என்று வந்து சொன்னார். இப்போது யாரும் உள்ளே இறங்குவதில்லை. வரப்பில் நின்று பார்த்தால் தெரிவது மேல் இலை மட்டும்தான், இலை சுருண்டிருந்தால் உடனே கடைக்கு ஓடுகிறோம், கடைக்காரரும் ஒரு பூச்சி மருந்து, ஒரு பூஞ்சாண மருந்து, ஒரு டானிக் என்று செட்டாக எடுத்து வைக்கிறார், பத்து நிமிட வேலைதானே என்று மூன்றையும் ஒன்றாகக் கலக்கி அடித்துவிடுகிறோம்.

நட்டு முதல் முப்பது, நாற்பது நாளில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்தே வேண்டாம், தெரியுமா? இளம்பயிர் புது இலை விட்டு ஈடு கட்டிக்கொள்ளும். வியட்நாமில் மீகாங் டெல்டாவில் 1990-களில் இதையே பிரச்சாரமாகக் கொண்டுபோய், ஆரம்பத்தில் மருந்து அடிக்கிற பழக்கத்தை நன்றாகக் குறைத்துக் காட்டினார்கள். முன்னாடியே அடித்தால் செத்துப்போவது சிலந்தியும் மற்ற நல்ல பூச்சியும்தான், அப்புறம் வருகிற புகையானைத் தின்ன ஆளே இருக்காது. யூரியாவையும் அள்ளிப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், விருந்து வைத்துக் கூப்பிட்ட மாதிரி.

இன்னொரு சிக்கல், புகையான் உட்காருவது தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, அடித்தண்டில். பயிர் அடர்ந்துவிட்டால் மேலிருந்து விழுகிற 10 லிட்டர் அங்கே போய்ச் சேருவது கஷ்டம். அதனால் முதலில் தண்ணீரை வடியுங்கள், மேலுரத்தை நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் மருந்து தேவைப்பட்டால் தெளிப்பான் முனை தூர்ப் பக்கம் பார்க்கிற மாதிரி கைத்தெளிப்புதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

200 லிட்டரில் போடுகிற மருந்தை 10 லிட்டரில் போட்டால் ஒவ்வொரு துளியும் இருபது மடங்கு கெட்டி, இதையும் யோசியுங்கள். காற்றில் அது பக்கத்து மல்லிகைத் தோட்டத்துக்குப் போனால் விடியுமுன்னே அங்கே மொட்டுப் பறிக்கிற அக்கா கையில்தான் ஒட்டும், அந்தப் பூ அன்றைக்கே யாரோ ஒருத்தர் தலையில் இருக்கும். அதனால் காற்று அடிக்கிற நேரத்தில் ட்ரோனைத் தூக்க விடாதீர்கள், பக்கத்துத் தோட்டக்காரருக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள். ஓட்டுகிற தம்பியிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்கா என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? அவர் தள்ளி நின்று ஓட்டுவார், கெட்டி மருந்தை ஊற்றிக் கலக்குவது நம் வீட்டு ஆள், அவர் கைக்கு ஒரு உறையும் மூக்குக்கு மாஸ்க்கும் வாங்கிக் கொடுங்கள். டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அது கடும் விஷம், சின்னப் பையனை ஊற்றவிடாதீர்கள்.

இந்த வயலுக்கு ட்ரோன் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாளைக் காலையில் பெரியப்பாவும் நானும் உள்ளே இறங்கிக் குறுக்காக நடந்து பத்துக் குத்தைத் தட்டி எண்ணப்போகிறோம். தூருக்கு, அதாவது குத்தில் இருக்கிற ஒரு தண்டுக்கு, ஒரு புகையான் வந்தால்தான் மருந்து, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் இரண்டு வரைக்கும் பொறுக்கலாம், வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்கு இது. அதற்குக் கீழே இருந்தால் ட்ரோன் தம்பிக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவோம், எண்ணிக்கையை அப்படியே அடுத்த வீடியோவில் போடுகிறேன்.