பிரஸ்டீஜ் என்ற சொல்லுக்குக் கண்கட்டு வித்தை என்று பொருள் உண்டா?

வணக்கம். குடியாத்தத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். "ஐயா, பிரஸ்டீஜ் என்றால் கௌரவம், உயர்ந்த மதிப்பு என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் எங்கள் நூலகத்திலுள்ள பழைய ஆங்கில அகராதி ஏமாற்று, மாயத் தோற்றம் என்று பொருள் சொல்கிறது. இது அச்சுப்பிழையா, அல்லது வேறொரு சொல்லா?" என்று கேட்கிறார்.

அச்சுப்பிழை இல்லை, தம்பி; வேறு சொல்லும் இல்லை. அந்த அகராதி சொல்வதுதான் இச்சொல்லின் மூத்த பொருள்.

இலத்தீன் மொழியில் 'ப்ரேஸ்ட்ரிங்கரே' என்றொரு வினைச்சொல் உண்டு. 'ப்ரே' என்றால் முன்னால். 'ஸ்ட்ரிங்கரே' என்றால் இறுக்கிக் கட்டுதல். நாம் நாள்தோறும் சொல்லும் 'ஸ்ட்ரிக்ட்' கூட இந்த இரண்டாம் பாதியிலிருந்து வந்ததுதான். கண்ணோடு சேர்த்துச் சொல்லும்போது அந்த வினை, கண்ணைக் கூசச் செய்து பார்வையை மழுக்குவதைக் குறித்தது. அதிலிருந்து பிறந்து, இடையில் ஒரு ரகரத்தை இழந்து, 'ப்ரேஸ்டிகியே' என்று நின்ற பெயர்ச்சொல்லுக்கு வித்தைக்காரனின் தந்திரங்கள் என்று பொருள். நாம் கண்கட்டு வித்தை என்கிறோமே, கட்டுவதும் கண்ணும் வித்தையும் அங்கேயும் அப்படியே சேர்ந்திருப்பதைப் பாருங்கள். இந்த ஒற்றுமை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் செனகா, தம் கடிதம் ஒன்றில் இந்த வித்தைக்காரர்களின் கிண்ணங்களையும் கூழாங்கற்களையும் குறிப்பிட்டு, யாருக்கும் கேடு செய்யாத அந்த ஏமாற்று தமக்கு இன்பம் தருவதாகவே எழுதுகிறார். இதைப் படிக்கும்போதெல்லாம், வேலூர்க் கோட்டை மைதானத்தில் துணி விரித்து உட்கார்ந்து, மூன்று கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்து, வலக்கையை மேலே சுழற்றி எல்லார் கண்ணையும் அங்கே இழுத்துக்கொண்டு, இடக்கையால் காயை இடம் மாற்றிவிடும் செப்படி வித்தைக்காரர்தான் என் நினைவுக்கு வருகிறார்.

பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், அங்கேயும் ஏமாற்று என்ற பொருளில்தான் நெடுங்காலம் வழங்கியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெப்போலியனின் வெற்றிகள் ஐரோப்பாவை மலைக்க வைத்திருந்த சூழலில், பார்ப்பவர் மனத்தை மயக்கும் புகழ், செல்வாக்கு என்ற பொருள் பரவியது. மயக்கம் மெல்ல மறைந்து, மதிப்பு மட்டும் எஞ்சியது.

நம் ஆற்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1751இல் ராபர்ட் கிளைவ் ஏறத்தாழ 500 பேருடன் வந்து ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, 50 நாள் முற்றுகையையும் தாங்கி நின்றார். அதனால் ஆங்கிலேயரின் பிரஸ்டீஜ் உயர்ந்தது என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஆனால் அந்த 1751ஆம் ஆண்டிலேயே ஓர் ஆங்கிலேயர் இச்சொல்லைக் கேட்டிருந்தால், தம் நாட்டாரை மோசடிக்காரர் என்று யாரோ ஏசுவதாகவே எண்ணியிருப்பார்.

கௌரவம் என்ற சொல்லோ முற்றிலும் வேறு வழியில் வந்தது. வடமொழியில் 'குரு' என்றால் கனமானது. கௌரவம் என்றால் கனமாயிருக்கும் தன்மை. அமைச்சரையும் நீதிபதியையும் 'கனம்' என்று அழைத்த பழைய மரபை இத்துடன் வைத்துப் பார்க்கலாம். மதிப்பு என்ற நம் சொல்லோ மதித்தல், அதாவது அளவிடுதல் என்பதிலிருந்து வருகிறது. ஆக, இவை இரண்டும் உள்ளே இருக்கும் எடையைப் பேசுகின்றன; பிரஸ்டீஜ் பார்ப்பவரின் கண்ணைப் பேசுகிறது. "சின்ன மண்டபத்தில் கல்யாணம் வைத்தால் நம் பிரஸ்டீஜ் என்னாவது?" என்று நம் வீடுகளில் கேட்கும்போது, ஊரார் கண்ணுக்கு எப்படித் தெரிவோம் என்பதே கவலை. அந்த இடத்தில் கௌரவம் என்பதைவிட பிரஸ்டீஜ் என்ற சொல்லே பொருந்துகிறது என்பது என் கருத்து.

கடைசியாக ஒன்று. 'பிரஸ்டீஜியஸ்' என்ற உரிச்சொல் 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருந்தது. அதற்கும் அன்று வஞ்சகமான என்றே பொருள். பெருமைக்குரிய என்ற இன்றைய பொருள் அதற்கு 20ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. எனவே தம்பி, 1800க்கு முந்தைய ஆங்கில நூலில் இந்த இரண்டு சொற்களில் எதைக் கண்டாலும் முதலில் ஏமாற்று என்ற பொருளை வைத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்த வாக்கியம் விளங்கிவிடும்.