பார்க்கிற கண்ணுக்கும் நிறம் உண்டு

நடுவர் அவர்களே, எதிரணியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, நம் தமிழ்ச் சங்கத்தின் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுத் தூக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்க இளைஞர்கள் அதிபர் வேட்பாளரை எடைபோடுவது கொள்கையை வைத்தா, இனத்தையும் பாலினத்தையும் வைத்தா என்பது தலைப்பு. இனத்தையும் பாலினத்தையும் வைத்துத்தான் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, "காமாலைக் கண்ணுக்குத்தான் கண்டதெல்லாம் மஞ்சள், எங்கள் தலைமுறைக்கு அந்த நோயே கிடையாது" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். கமலாவைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் காமாலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். சரி, நான் கமலாவிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரி. கமலா ஹாரிஸின் தாத்தா கோபாலன் பிறந்த துளசேந்திரபுரம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே தர்மசாஸ்தா கோயிலில் நன்கொடையாளர் பெயர்களைப் பொறித்த கல்லில் கமலாவின் பெயரும் இருக்கிறது. 2021 ஜனவரியில் அவர் துணை அதிபராகப் பதவியேற்ற அன்று ஊரே வெடி வெடித்தது. நடுவர் அவர்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவராவது அவருடைய வரிக் கொள்கையைப் படித்துவிட்டா திரியைப் பற்ற வைத்தார்? "துளசேந்திரபுரத்தில் அமெரிக்க ஓட்டு இல்லையே" என்று நடுவர் சிரிக்கிறார். நியாயம். ஓட்டு இருக்கிற ஊருக்கே போகிறேன்.

2006-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக உளவியலாளர் ரெபெக்கா பிக்லரும் அவருடைய குழுவினரும் 5 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளிடம் அதிபர் பதவியைப் பற்றிக் கேட்டார்கள். அதுவரை அதிபரானவர்கள் எல்லோரும் வெள்ளை ஆண்கள் என்பது பெரும்பாலான குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது. ஏன் அப்படி என்று கேட்டால், நான்கில் ஒரு குழந்தை, பெண்களும் மற்ற இனத்தவரும் அதிபராவது சட்டப்படி குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தது! அப்படி ஒரு சட்டம் எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுத்ததல்ல. வகுப்புச் சுவரில் மாட்டியிருக்கும் அதிபர் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளே இயற்றிக்கொண்ட சட்டம். இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 2006-ல் 5 வயது என்றால் 2024-ல் 23. அன்று 10 என்றால் 28. தம்பி சொல்லும் "நோயில்லாத தலைமுறை" இந்தப் பிள்ளைகள்தான்.

அடுத்து எதிரணி அக்கா ஒபாமாவைக் கொண்டுவந்தார். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர் வாழும் ஐயோவா மாநிலம், 2008 ஜனவரி, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வுக்கு வந்த முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் 57 சதவீதம் பேர் ஒபாமா பக்கம் நின்றார்கள். நவம்பரில் நாடு முழுக்க 66 சதவீத இளைஞர் ஓட்டு அவருக்கே. "நிறம் பார்த்திருந்தால் இது நடக்குமா?" என்று கேட்டார்.

அக்கா, நிறம் பார்ப்பது என்றால் வெறுப்பது மட்டும்தானா? 2009-ல் வெள்ளை மாளிகைக்கு வந்த ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன், "உங்கள் முடியும் என் முடி மாதிரியே இருக்குமா?" என்று ஒபாமாவிடம் கேட்டான். அவர் குனிந்து, தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவன் தொட்டுப் பார்த்தான். அந்தப் படம் வெள்ளை மாளிகைச் சுவரில் வருடக்கணக்கில் தொங்கியது. அந்தப் பிள்ளைக்கு வாய்த்த ஒரே ஒரு கேள்வியில் அவன் மருத்துவக் காப்பீட்டைப் பற்றியா கேட்டான்? ஒபாமாவுக்காகத் தெருத் தெருவாக அலைந்த கல்லூரிப் பிள்ளைகளும் வரலாறு படைக்கிறோம் என்ற சிலிர்ப்போடுதான் அலைந்தார்கள். அந்தச் சிலிர்ப்பு எங்கிருந்து வந்தது? அவர் நிறத்திலிருந்தும்தான். ஈர்ப்பும் நிறத்தின் வேலைதான்.

அந்த 66-ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். இட்லி மாவு மாதிரி மேலே பொங்கித் தெரியும், கரண்டி போட்டால்தான் உள்ளே என்ன என்று புரியும். எக்ஸிட் போல் கணக்குப்படி, 2008-ல் வெள்ளை இளைஞர்களில் ஒபாமாவுக்குப் போட்டவர்கள் 54 சதவீதம். நான்கே வருடத்தில், 2012-ல், அது 44. அதே வயது, அதே நாடு, வேட்பாளரும் அதே ஆள். அந்த வருடமும் இளைஞர் ஓட்டில் மொத்தமாக 60 சதவீதம் ஒபாமாவுக்கே விழுந்தது என்றால், தூக்கி நிறுத்தியவர்கள் கறுப்பின, லத்தீன், ஆசிய இளைஞர்கள். "இளைஞர்கள் ஒபாமா பக்கம்" என்று நாம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். அந்த வரிக்குள் நிறத்துக்கு நிறம் வேறு வேறு தேர்தல் நடந்திருக்கிறது.

இப்போது எதிரணியின் பிரம்மாஸ்திரத்துக்கு வருகிறேன். 2016 பிப்ரவரி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிரைமரி, அதாவது ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு. ஒரு பக்கம் ஹிலாரி கிளின்டன். இன்னொரு பக்கம் 74 வயது பெர்னி சாண்டர்ஸ். முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களில் பத்தில் எட்டுப் பேர் போல சாண்டர்ஸுக்குப் போட்டார்கள். நாட்டின் முதல் பெண் வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட், ஒருவருக்கொருவர் கைகொடுக்காத பெண்களுக்கு நரகத்தில் தனி இடம் உண்டு என்று மேடையிலேயே சபித்துப் பார்த்தார். பெண்கள் அசையவில்லை. "பாலினம் முக்கியமென்றால் இவர்கள் ஹிலாரிக்கல்லவா போட்டிருக்க வேண்டும்?" என்கிறது எதிரணி.

நல்ல அடி. வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெண் என்பதற்காக மட்டுமே அந்தப் பெண்கள் ஓட்டுப் போடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, சாண்டர்ஸை அவர்களுக்கு ஏன் பிடித்தது? இலவசக் கல்லூரிக் கல்வி, சரி. அப்புறம், "மனுஷன் வேஷம் போடாதவர்" என்றார்கள். வாராத தலை, கசங்கிய கோட்டு, விரலை ஆட்டி ஆட்டி ஒரு கத்தல். இதே கோலத்தில் 74 வயதுப் பெண் ஒருத்தி மேடையேறியிருந்தால் "வேஷம் போடாதவர்" என்றா சொல்வார்கள்? "பாட்டிக்கு உடம்பு சரியில்லை போல, யாராவது வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்" என்பார்கள். தலை வாராமல் நிற்கும் சுதந்திரம் அந்த மேடையில் ஒருவருக்குத்தான் இருந்தது. ஹிலாரி தலை வாரி, கோட்டு சூட்டு தேய்த்துப் போட்டு வந்தார். "ரொம்பச் செயற்கை" என்றார்கள். அதற்கு எட்டு வருடம் முன்னால் இதே நியூ ஹாம்ப்ஷயரில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு ஆண்கள் எழுந்து, "என் சட்டையை இஸ்திரி போடு" என்று கத்தியிருக்கிறார்கள். அது முரட்டுத்தனம், எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாமல் தராசு சாய்வது "செயற்கை" மாதிரியான நல்ல வார்த்தைகளில்தான்.

எதிரணித் தம்பிக்காக ஒரு கதை. 1971-ல் ஓட்டு வயது 18 ஆனது. மறு வருடத் தேர்தலில் அதிபர் வேட்பாளராகும் போட்டியில் களமிறங்கினார் ஷெர்லி சிஷோம், நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் கறுப்பினப் பெண். அப்போது கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில், மில்ஸ் கல்லூரியில், பார்பரா லீ என்று ஒரு மாணவி. சிறு பிள்ளைகளோடு தனியாகப் படித்துக்கொண்டிருந்தவர். ஏதாவது ஒரு வேட்பாளருக்காக வேலை செய்தால்தான் பாடத்தில் மதிப்பெண் என்ற நிலை. இருக்கிற ஆண்களில் ஒருவர்கூட எனக்காகப் பேசவில்லை, ஃபெயிலானாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்துவிட்டார். வாக்காளராகக்கூடப் பதிவு செய்திருக்கவில்லை. அந்தக் கல்லூரிக்குப் பேச வந்த சிஷோம், முதலில் போய்ப் பெயரைப் பதிவு செய் என்றார். மாணவி பதிவு செய்தார், பிரசாரத்தில் இறங்கினார், பாடத்திலும் தேறினார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானார், இப்போது அதே ஓக்லாந்தின் மேயர். மற்ற வேட்பாளர்களிடம் கொள்கை அறிக்கை இல்லாமலா இருந்தது? கட்டுக்கட்டாக இருந்தது. தன்னைப் போல ஓர் ஆள் எதிரில் வந்து நிற்கும்வரை அந்தப் பெண்ணுக்கு அதைப் புரட்டிப் பார்க்கவே தோன்றவில்லை.

அந்த ஓக்லாந்தில் பிறந்தவர்தான் கமலா. தன் அம்மா சியாமளா சொல்வார் என்று கமலா ஒரு மேடையில் சொன்ன "தென்னை மரத்திலிருந்தா விழுந்தாய்?" என்ற வாசகத்தை 2024-ல் இளைஞர்கள் போன் போனாகப் பரப்பினார்கள். தென்னை மர மீம் பார்த்து நானும் பூரித்துப்போனேன், மறைப்பானேன். ஓட்டு எண்ணியபோது என்ன ஆனது? அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் வாக்காளர் கருத்துக்கணிப்புப்படி, இளம்பெண்களில் 58 சதவீதம் பேர் கமலாவுக்கு, இளம் ஆண்களில் 56 சதவீதம் பேர் டிரம்புக்கு. பெண்களுக்குள்ளும் வெள்ளைப் பெண்களும் கறுப்பினப் பெண்களும் ஒரே மாதிரி போடவில்லை.

விலைவாசிதான் காரணம் என்று எதிரணித் தலைவர் சொல்லப்போகிறார், குறிப்பு எழுதுவது இங்கிருந்தே தெரிகிறது. 2022-ல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைப் பறித்ததே, அது கொள்கைப் பிரச்சினைதானே என்றும் சேர்த்துக்கொள்வார். ஐயா, அந்தத் தீர்ப்பு யார் உடம்பில் இறங்கியது?

மணி அடித்துவிட்டார் நடுவர். ஒரே ஒரு கேள்வி, முடித்துக்கொள்கிறேன். முட்டை விலை ஏறினால் அண்ணனுக்கும் ஏறுகிறது, தங்கைக்கும் ஏறுகிறது. வாடகையும் கல்லூரிக் கடனும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒரே வீட்டு மளிகைப் பில்லைப் பார்த்துவிட்டுப் போன அண்ணனின் ஓட்டு ஒரு பக்கமும் தங்கையின் ஓட்டு இன்னொரு பக்கமும் ஏன் போனது? எதிரணித் தலைவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.