வால்டன் சொல்லாமல் விட்டது

நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, அவையோரே, வணக்கம்.

"பில் வால்டனின் வர்ணனை ஆட்டத்துக்கு விருந்தா, இடையூறா?" இதுதான் தலைப்பு. வால்டன் அமெரிக்கக் கூடைப்பந்தின் பழைய நட்சத்திரம், பிறகு தொலைக்காட்சி வர்ணனையாளர். விருந்து என்று சொல்லி எதிரணித் தலைவர் இலை போட்டுப் பரிமாறிவிட்டே போய்விட்டார். எரிகிற மெழுகுவத்தியோடு கப்கேக்கை நேரலையில் வாயில் போட்டுக்கொண்டதைச் சொன்னார். கலர் கலராகச் சாயம் தோய்த்த பனியனைச் சொன்னார். கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழுவின் கச்சேரிக்கு 800 தடவைக்கு மேல் போனதைச் சொன்னார். எல்லாம் உண்மை, எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவர் பேசிய அத்தனை நேரத்தில் பந்து ஒரு தடவையாவது வந்ததா? தலைவரை நான் குறை சொல்லவில்லை. வால்டனைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலே பந்து காணாமல் போய்விடுகிறது. அதுதான் நடுவர் அவர்களே, எங்கள் கட்சி.

மனிதர் 2024 மே 27-இல் தமது 71-வது வயதில் காலமாகிவிட்டார். அவருடைய ஆட்டத்தின் மேல் கைவைக்க இங்கே யாருக்கும் துணிவில்லை, எனக்கும் இல்லை. 1973 கல்லூரி இறுதி ஆட்டம், மெம்பிஸ் ஸ்டேட்டுக்கு எதிராக அவருடைய கல்லூரியான யூசிஎல்ஏ. கூடையை நோக்கி 22 தடவை எறிந்தார், 21 உள்ளே போனது. மொத்தம் 44 புள்ளி. அப்போது கல்லூரி ஆட்டத்தில் டங்க் செய்ய, அதாவது எகிறிப் பந்தைக் கூடைக்குள் கையால் திணிக்க, தடை. அதனால் கூடைக்கு மேலே தூக்கிப் போட்ட பந்தைக் காற்றில் பிடித்து மெதுவாக வைத்துவிட்டு இறங்க வேண்டும். தொழில்முறை லீக்கான என்பிஏவின் 1977 இறுதித் தொடரில், ஆறாவது ஆட்டத்தில் போர்ட்லேண்டுக்காக 20 புள்ளி, 23 ரீபவுண்ட் (தவறி எகிறிய பந்தைப் பிடிப்பது), 7 அசிஸ்ட் (கூடை விழ வழி செய்யும் பாஸ்), 8 பிளாக் (எதிராளி எறிந்ததைத் தட்டிவிடுவது). ரீபவுண்டைப் பிடித்துக் கால் தரையில் படுவதற்குள் உடம்பைத் திருப்பி, மைதானத்தின் பாதிக்கு நீளமாகப் பந்தை அனுப்புவார். உயரமானவன் எப்படிப் பந்து கொடுக்க வேண்டும் என்பதற்குப் பாடமே அவர்தான்.

அதனால்தான் வழக்குத் தொடுக்கிறோம். அவர் அதிகம் பேசினார் என்பது எங்கள் புகார் இல்லை. அதிகம் பேசுகிற வர்ணனையாளர்களுக்கு அமெரிக்காவில் பஞ்சமா? அவர் ஒருவர் மட்டுமே சொல்லக்கூடியதை, சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டார் என்பதே புகார்.

நேரக் கணக்கைப் பார்ப்போம். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். ஷாட் கிளாக், அதாவது பந்தைக் கூடைக்கு எறிய ஒரு அணிக்குள்ள கெடு, 30 விநாடி. பந்தை 10 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். வர்ணனை மேசையில் இரண்டு பேர். ஒருவர் நடப்பதைச் சொல்பவர், மற்றவர் ஏன் நடந்தது என்று சொல்பவர். பந்து நடுக்கோட்டைத் தாண்டியதும் பேச்சு முதலாமவருடையது. பந்து கூடையில் விழுந்ததிலிருந்து மறுபடி நடுக்கோட்டுக்கு வரும் வரை, ஆறேழு விநாடி, இரண்டாமவருக்கு. அந்த இடைவெளியில் ஒரு வாக்கியம் போகும், நன்றாகப் பழகியவருக்கு இரண்டு. விசில் ஊதினால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அப்போதுதான் வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளர், காதுக்கருவியில் "இந்த ரீப்ளே வருகிறது" என்று சொல்லிப் படத்தை ஓட விடுவார். அந்தப் படத்துக்கு வாய் கொடுக்க வேண்டியவர் இரண்டாமவர்.

அந்த நேரத்தில் அவர் எரிமலையைப் பற்றியோ ஆற்றுப் படுகையைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ரீப்ளே ஊமைப்படமாக ஓடிவிடும். திரை நடுவே யாரோ யாரையோ மறித்தார், யாரோ தடுக்கி விழுந்தார், யார் தப்பு என்று தெரியாது. அடுத்தது, முதலாமவரும் அந்தக் கதைக்குப் பதில் சொல்ல இழுக்கப்படுவார். பந்து நடுக்கோட்டைத் தாண்டியிருக்கும், அவர் இன்னும் ஆற்றங்கரையிலேயே நிற்பார். ஒரு அணியின் ஃபவுல் எண்ணிக்கை ஐந்து, ஆறு என்று ஏறுவதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஏழாவது ஃபவுலில் எதிராளி ஒன்-அண்ட்-ஒன்னுக்கு, அதாவது தடுப்பாரில்லாத முதல் எறி (ஃப்ரீ த்ரோ) உள்ளே போனால்தான் இரண்டாவது எறி என்ற வாய்ப்புக்கு, போய் நிற்கும்போதுதான் பார்ப்பவருக்கு விஷயமே தெரியும். தாலி கட்டுகிற நேரத்தில் மேளக்காரர் பந்தியில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? அவர் நல்ல மேளக்காரராக இருப்பதுதான் கூடுதல் வருத்தம்.

"முப்பது புள்ளி வித்தியாசத்தில் ஓடும் ஆட்டத்தில் வேறு என்ன பேசுவது?" என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேட்டார். நியாயமான கேள்வி, பாதியை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவின் மேற்குப் பக்கத்துக் கல்லூரிகளின் லீக்கான பாக்-12-இன் ஆட்டம், கிழக்குக் கடற்கரையில் நள்ளிரவைத் தாண்டி ஓடுகிறது, முடிவு எப்போதோ தெரிந்துவிட்டது என்றால் வால்டன்தான் தூக்கத்தைக் கலைத்தவர். ஆனால் நான்கு புள்ளி வித்தியாசத்திலும் அவர் அதே மனிதர்தானே? "சாம்பியன்களின் கூட்டமைப்பு" என்று பாக்-12-க்கு அவர் பாடிய புகழ், முன்னணி மாறும்போதும் ஓய்ந்ததில்லையே?

அடுத்தது மிகைப்படுத்தல். சாதாரணமாகத் தவறிய ஒரு பாஸ், அவர் வாயில் மேற்கத்திய நாகரிக வரலாற்றின் பெருந்தோல்வி ஆகிவிடும். ரசிக்கலாம். ஆனால் அளவுகோலை முதல் பாதியிலேயே உடைத்துவிட்டால், இரண்டாம் பாதியில் நிஜமாகவே ஒரு அபூர்வமான பாஸ் வரும்போது எதை வைத்து அளப்பது? புதிதாகக் கூடைப்பந்து பார்க்க வந்தவருக்கு நல்லதும் சுமாரானதும் ஒரே சத்தத்தில் கேட்கிறது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அவர் என்பிசி தொலைக்காட்சியில் இருந்த காலத்தில் இந்தக் குறை இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. அங்கே மேசையில் மூன்று பேர். 2002 என்பிஏ இறுதித் தொடரில் மார்வ் ஆல்பர்ட் நடப்பதைச் சொன்னார். வால்டனுக்குப் பக்கத்தில், ஸ்னாப்பர் என்று எல்லாரும் அழைத்த ஸ்டீவ் ஜோன்ஸ். வால்டன் மேலே பறந்தால் ஸ்னாப்பர் காலைப் பிடித்து இழுப்பார். அந்தச் சண்டை பெரும்பாலும் ஆட்டத்தைப் பற்றிய சண்டை. 2012-க்குப் பிறகு பாக்-12 ஆட்டங்களில் மேசை இரண்டு பேருக்குச் சுருங்கியது. முதலாமவர் டேவ் பாஷ் ஆட்டத்தையும் சொல்ல வேண்டும், வால்டனையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். பாவம், பல இரவு அவர் இரண்டாவது வேலையைத்தான் அதிகம் பார்த்தார். அந்த இழுபறியே நிகழ்ச்சியாகிவிட்டது, ஆட்டம் அதற்குப் பின்னணி ஆனது. தப்பு வால்டனோடு நிற்கவில்லை, மேசையை அப்படிப் போட்டவர்களுக்கும் பங்கு உண்டு. அதற்காக இடையூறு விருந்தாகிவிடாது.

திக்குவாயை வென்றவர் என்று எதிரணி உருகியது. உருக வேண்டிய விஷயம்தான். 28 வயது வரை சரளமாகப் பேச முடியாமல் இருந்தவருக்கு, மார்ட்டி கிளிக்மன் என்ற பழைய வர்ணனையாளர் வழி காட்டினார்: அவசரப்படாதே, சத்தம் போட்டு வாசி. அந்த மனிதர் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்ததே வெற்றி. நடுவர் அவர்களே, அந்த வெற்றிக்கு மாலை போடுங்கள், நானும் எழுந்து நின்று கைதட்டுகிறேன். ஆனால் இன்றைய தலைப்பு அவருடைய வாழ்க்கை இல்லை, வர்ணனை.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், பார்த்துவிட்டேன். ஒரே ஒரு விஷயம்.

கல்லூரி ஆட்டத்தில் அடிக்கடி வருவது 2-3 ஜோன் தடுப்பு. ஆளுக்கு ஆள் இல்லாமல் இடத்தைக் காப்பது. முன்னால் இருவர், பின்னால் மூவர். இதன் ஓட்டை ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில், ஹை போஸ்ட்டில் இருக்கிறது. அங்கே பந்தை வாங்கித் திரும்புகிறவர் முதலில் பின்வரிசையில் நடுவில் நிற்கும் தடுப்பாளரைப் பார்க்க வேண்டும். அவர் மேலே ஏறி வந்தால் கூடைக்கு அடியில் நிற்கும் கூட்டாளிக்குத் தடுப்பார் இல்லை. வராவிட்டால் அங்கிருந்தே எறியலாம். முன்வரிசை இருவரும் உள்ளே சுருங்கினால் மூன்று புள்ளிக் கோட்டில் நிற்கும் கூட்டாளிக்குத் தடுப்பார் இல்லை. மூன்றையும் அரை விநாடியில் படிக்க வேண்டும். 211 சென்டிமீட்டர் உயரத்தில் நின்று இதைப் படிப்பதில் வால்டனுக்கு மிஞ்சியவர் அபூர்வம்.

எதிரணி நண்பர்கள் அடுத்த சுற்றில் பதில் சொல்லட்டும். பாக்-12 ஆட்டங்களில் ஒரு அணி 2-3 ஜோனுக்கு மாறிய நேரத்தில், ஹை போஸ்ட்டில் பந்தை வாங்கியவரின் கண்கள் முதலில் எங்கே போக வேண்டும் என்று வால்டன் வாயால் எத்தனை தடவை கேட்டீர்கள்? அதே இரவில் பனியனைப் பற்றி எத்தனை தடவை கேட்டீர்கள்? இரண்டு எண்ணையும் நடுவரிடம் கொடுங்கள்.